லைன் வேலைக்குப் போகலாமா? வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கடிதத்துல பாதிக்கு மேல கம்பெனி வேலை பத்திதான். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், மறைமலைநகர், ஓசூர்னு லைன்ல (சாமான் வரிசையா நகர்ந்து வர, ஆளுக்கு ஒரு வேலையா நின்னு பூட்டற இடம்) நிக்கிற பசங்க, பொண்ணுங்க, அவங்க வீட்டுக்காரங்க எழுதினது. நானும் ஒரு கார் பார்ட்ஸ் கம்பெனில ஆபரேட்டரா சேர்ந்து, லைன் லீடர், சூப்பர்வைசர்னு இருந்துட்டு இப்ப புதுசா சேர்றவங்களுக்கு ட்ரெய்னிங் குடுக்கற ஆளு, அதனால மேலோட்டமா ரெண்டு வரி எழுதி அனுப்ப மனசு வரல. ஆளுங்க பேர், கம்பெனி பேர் எல்லாம் எடுத்துட்டோம்.

கேள்வி: அண்ணா, ஐடிஐ ஃபிட்டர் முடிச்சிட்டு வீட்ல இருக்கேன். ஒரு கன்சல்டன்சிக்காரர் ஒரகடத்துல லைன் வேலை, மாசம் 18,000, ரூம் சாப்பாடு எல்லாம் உண்டுனு சொல்றார், சேர்த்து விட 3,000 கேக்கறார். இன்னொரு பெரிய கம்பெனில அப்ரண்டிஸ் வந்திருக்கு, ஆனா ஸ்டைபண்ட் கம்மி. எதுக்கு போகட்டும்? லைன் வேலைல எதிர்காலம் இருக்கா? (வந்தவாசி பக்கத்து வாசகர்)

பதில்: தம்பி, முதல்ல அந்த 3,000-ஐ குடுக்காதீங்க. ஆள் அனுப்பற ஏஜென்சிக்கு கம்பெனியே தலைக்கு இவ்ளோனு காசு குடுக்குது, அதுக்கு மேல உங்ககிட்டயும் கேக்கறவர் நாளைக்கு சம்பளப் பிடித்தத்துலயும் கை வைப்பார்.

அடுத்து அந்த 18,000. அது கிராஸா (பிடித்தம் போறதுக்கு முன்னாடி வர்ற மொத்த சம்பளம்), சிடிசியானு நேரா கேளுங்க, ஏன்னா ரெண்டும் வேற வேற. சிடிசினா கம்பெனி உங்க பேர்ல கட்டற பிஎஃப், ஈஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவ இன்சூரன்ஸ்) கூட அதுக்குள்ளயே அடங்கிடும். கணக்கு போட்டு காட்டறேன். கிராஸ் 16,000, அதுல பேசிக் டிஏ சேர்த்து 12,000-னு வச்சுக்கங்க. கம்பெனி கட்டற பிஎஃப் 12 சதவீதம் 1,440, ஈஎஸ்ஐ 3.25 சதவீதம் 520, மொத்தம் கூட்டினா 17,960, இதைத்தான் 18,000-னு சொல்லியிருப்பாங்க. உங்க பங்கு பிஎஃப் 1,440, ஈஎஸ்ஐ 0.75 சதவீதம் 120 போனா கைக்கு வர்றது 14,440. அதுல ரூம், சாப்பாடு, பஸ்ஸுக்கு பிடிச்சாங்கன்னா இன்னும் இறங்கும். பிஎஃப் உங்க காசுதான், அது பிடிக்கறது நல்லதுதான், ஆனா வீட்டுக்கு எவ்ளோ அனுப்ப முடியும்னு அம்மாகிட்ட சொல்றதுக்கு முன்னாடி இந்த கணக்கை நீங்களே ஒரு பேப்பர்ல போட்டு பாத்துருங்க.

எல்லாத்தையும் விட பெரிய கேள்வி, யார் ரோல்ல சேர்றீங்கங்கறது. ஒரே லைன்ல, ஒரே சட்டையில, பக்கத்து பக்கத்துல நாலு பேர் நிப்பாங்க, ஒருத்தர் கம்பெனி ரோல்ல பெர்மனென்ட், ஒருத்தர் ட்ரெய்னி, ஒருத்தர் அப்ரண்டிஸ், ஒருத்தர் காண்ட்ராக்ட். நாலு பேரும் பூட்டறது ஒரே போல்ட்தான், ஆனா சம்பளம் வேற, லீவு வேற, கம்பெனில ஆர்டர் குறைஞ்சா யாரை முதல்ல வர வேணாம்னு சொல்லுவாங்கங்கறதும் வேற. அப்பாயின்ட்மென்ட் லெட்டர்ல மேல யார் பேர் அச்சடிச்சிருக்குனு பாருங்க, கம்பெனி பேரா, காண்ட்ராக்டர் பேரா, தெரிஞ்சுடும். 2025 நவம்பர் 21-ல அமலுக்கு வந்த புது தொழிலாளர் சட்டத் தொகுப்புல எல்லா தொழிலாளிக்கும் அப்பாயின்ட்மென்ட் லெட்டர் குடுக்கணும்னு இருக்கு, அதனால "லெட்டர்லாம் அப்புறம் பாத்துக்கலாம்பா"னு சொன்னா விட்றாதீங்க.

உங்க நிலைமைல நான் இருந்தா அப்ரண்டிஸுக்குத்தான் போவேன். ஸ்டைபண்ட் கம்மி, பிஎஃப் ஈஎஸ்ஐ கிடையாது, 1961 அப்ரண்டிஸ் சட்டப்படி நீங்க தொழிலாளி கணக்குலயே வர மாட்டீங்க, முடிஞ்சதும் வேலை குடுத்தே ஆகணும்னும் கட்டாயம் இல்ல, இவ்ளோ குறையும் இருக்கு, தெரிஞ்சே சொல்றேன். ஆனா முடிச்சா கையில வர்ற தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழ் ஆயுசுக்கும் கூட வரும், பொதுத்துறை கம்பெனி வேலை விளம்பரத்துல அதைக் கேக்கறதை நீங்களே பாத்திருப்பீங்க. ஐடிஐ ஃபிட்டர் படிச்ச பையன் காண்ட்ராக்ட்ல போய் மூணு வருஷம் டப்பால ஸ்டிக்கர் ஒட்டிட்டு வெளிய வந்தா ஃபைல் பிடிக்கற கை மறந்து போயிருக்கும், ரெஸ்யூம்ல எழுத ஒரு வரி இருக்காது. அப்படி வெளிய வந்த பசங்களை நிறைய பாத்துட்டேன், அதான் இவ்ளோ அழுத்தி சொல்றேன். வீட்ல நிஜமாவே இப்பவே காசு வேணும், அப்பாவுக்கு முடியலன்னா காண்ட்ராக்டுக்கு போங்க, அதுல தப்பு ஒண்ணும் இல்ல, ஆனா ஒரு வருஷத்துக்குள்ள அடுத்து எங்கங்கறதை முடிவு பண்ணிட்டு போங்க.

கேள்வி: சார், டிப்ளமோ மெக்கானிக்கல் படிச்சிட்டு ட்ரெய்னியா கார் கம்பெனி வெண்டார் ஒண்ணுல லைன்ல நிக்கறேன். ஒரே வேலையை நாள் பூரா செய்யறேன், கூட படிச்சவன் பெங்களூர்ல ஆபீஸ்ல உக்காந்திருக்கான். இதெல்லாம் ஒரு படிப்புக்கு வேலையானு தோணுது. (காஞ்சிபுரம் வாசகர்)

பதில்: அலுப்பா இருக்குங்கறது உங்க மனசுல இருக்கற கோளாறு இல்ல தம்பி, அது லைனோட குணம். 1913-ல ஹென்றி ஃபோர்டு ஹைலண்ட் பார்க் ஃபேக்டரில ஓடற அசெம்ப்ளி லைன் கொண்டு வந்தப்ப ஒரு வண்டி சேஸிஸ் பூட்டற நேரம் 12 மணிநேரத்துக்கு மேல இருந்தது ஒன்றரை மணிநேரத்துக்கு இறங்குச்சு, ஆனா அதே வருஷம் ஆளுங்க வர்றதும் ஓடறதுமா இருந்து, வேலையை விட்டுப் போனவங்க கணக்கு 370 சதவீதம்னு சொல்றாங்க. அடுத்த வருஷம் ஜனவரில ஒரு நாளுக்கு 5 டாலர்னு சம்பளத்தை கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆக்கித்தான் ஆளை நிக்க வச்சாங்க. நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னைக்கும் மணிக்கு 60 வண்டி ஓடற லைன்ல ஒரு ஸ்டேஷனுக்கு, அதாவது ஒரு ஆள் நின்னு வேலை செய்யற இடத்துக்கு, கிடைக்கறது 60 செகண்ட்தான், அதுல எட்டு மணிநேரம் நின்னா யாருக்குமே அலுக்கும்.

ஆனா "ஒரே வேலை"ங்கறதை மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். வயரிங் ஹார்னஸ் (வண்டியோட வயர் கட்டு) கனெக்டர் போடறவரை பாத்திருக்கீங்களா, தள்ளுவார், டிக்னு சத்தம் கேக்கும், உடனே லேசா பின்னாடி இழுத்து பாத்துட்டு விடுவார். அந்த இழுப்பு ஒரு செகண்ட் கூட இருக்காது. அதை விட்டுட்டா கனெக்டர் பாதி உக்காந்தபடி வண்டி வெளிய போயிடும், டெஸ்டிங்ல லைட் ஒழுங்காத்தான் எரியும், ஆறு மாசம் கழிச்சு ரோட்டு குழில விழுந்தப்ப கழண்டுக்கும், சர்வீஸ்ல வந்து நிக்கும்போது யாருக்கும் காரணம் புரியாது. புது ஆளுக்கு அந்த சத்தம் லைன் இரைச்சல்ல கேக்கவே கேக்காது, பழைய ஆளுக்கு விரல்லயே தெரிஞ்சுடும். இது படிப்புக்கு கீழ்ப்பட்ட வேலைனு எவனாவது சொன்னா அவன் லைனை கண்ணாடிக்கு வெளிய நின்னு பாத்தவன்.

இப்ப நீங்க என்ன செய்யணும்னா, உங்க லைன் பக்கத்துல ஒரு போர்டு இருக்கும், ஸ்கில் மேட்ரிக்ஸ்னு. இடது பக்கம் ஆளுங்க பேர், மேல ஸ்டேஷன் பேர், கட்டத்துக்குள்ள வட்டம், வட்டத்தை நாலா பிரிச்சு கால் கால் பாகமா கறுப்படிச்சிருப்பாங்க. கால் வட்டம்னா இப்பதான் கத்துக்கறார், அரை வட்டம்னா ஆள் பக்கத்துல இருந்தா செய்வார், முக்கால்னா தனியா செய்வார், முழு வட்டம்னா அடுத்தவங்களுக்கு சொல்லிக் குடுப்பார். கம்பெனிக்கு கம்பெனி கொஞ்சம் மாறும், ஆனா விஷயம் இதுதான். உங்க பேருக்கு நேரா எத்தனை முழு வட்டம் இருக்குனு போய் பாருங்க. ஒரே ஒரு முழு வட்டத்தோட மூணு வருஷம் இருந்தா நீங்க அந்த ஸ்டேஷனுக்கு மட்டும்தான் ஆளு, அந்த மாடல் நின்னா நீங்களும் நின்னுடுவீங்க. அஞ்சாறு ஸ்டேஷன்ல முழு வட்டம் இருந்தா ரிலீவர் (யார் இடம் காலியானாலும் மாத்தி நிக்கறவர்) ஆவீங்க, ரிலீவர்ல இருந்துதான் பெரும்பாலும் டீம் லீடர் எடுப்பாங்க, ஏன்னா யார் லீவு போட்டாலும் லைனை நிக்காம பாத்துக்கறவர் அவர்தான்.

டிப்ளமோ வச்சிருக்கறதால உங்களுக்கு பக்கத்து வாசலும் இருக்கு. குவாலிட்டில அளவு எடுக்கறது, மெயின்டனன்ஸ்ல பிஎல்சி (மெஷினை ஓட்டற கம்ப்யூட்டர் பெட்டி), ரோபோ பாக்கறது, டூல் ரூம், ப்ராசஸ் இன்ஜினியரிங், இதுக்கெல்லாம் லைன்ல நின்ன ஆளைத்தான் அனுபவஸ்தனா மதிப்பாங்க. மெஷின் நின்னா டீ குடிக்க போயிடாம மெயின்டனன்ஸ் ஆள் பின்னாடியே போய் என்ன செய்யறார்னு பாருங்க, கேளுங்க, அவங்க பெரும்பாலும் சந்தோஷமா சொல்லித் தருவாங்க. ஒரு வருஷம் இதை செஞ்சுட்டு அப்புறம் எனக்கு எழுதுங்க, அப்பவும் பிடிக்கலன்னா தாராளமா வேற துறைக்கு மாறுங்க, நானே வழி சொல்றேன்.

கேள்வி: ஐயா, என் பொண்ணு +2 முடிச்சிட்டு செல்போன் கம்பெனிக்கு போறேன்னு நிக்கறா, ஹாஸ்டல்ல தங்கணுமாம், நைட் ஷிஃப்ட் வேற இருக்காம். சொந்தக்காரங்க பொண்ணை கம்பெனிக்கு அனுப்பாதனு பயமுறுத்தறாங்க. (திருவண்ணாமலை மாவட்டத்து அம்மா)

பதில்: அம்மா, உங்க பயம் நியாயமானது, சொந்தக்காரங்க சொல்றதுல பாதி நியாயம் இல்லாதது. பொண்ணு வேலைக்கு போனா கெட்டுப்போயிடுவாங்கற பேச்சை ஒதுக்கித் தள்ளுங்க. பயப்பட வேண்டியது சாப்பாடு, தண்ணி, ரூம்ல எத்தனை பேர், பஸ் எங்க வந்து நிக்கும், இதுக்குத்தான்.

2021 டிசம்பர்ல ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஃபாக்ஸ்கான் (ஐபோன் செய்யற கம்பெனி) பொண்ணுங்க தங்கியிருந்த ஹாஸ்டல் ஒண்ணுல சாப்பாடு ஒத்துக்காம நிறைய பேர் ஆஸ்பத்திரில சேர்ந்ததும், பொண்ணுங்க சென்னை பெங்களூர் ஹைவேயில உக்காந்து மறியல் பண்ணதும் டிவியில பாத்திருப்பீங்க. அந்த பொண்ணுங்க ரோட்ல வந்து உக்காந்ததாலதான் ஹாஸ்டல் நிலைமை வெளிய தெரிஞ்சுது, அதுக்காக நான் அவங்களை கும்பிடறேன். அதுக்கு அப்புறம் சிப்காட் வல்லம் வடகால்ல 18,720 பேர் தங்கற மாதிரி குடியிருப்பு கட்டி 2024 ஆகஸ்ட்ல திறந்தாங்க. எல்லா கம்பெனி பொண்ணுங்களுக்கும் அந்த மாதிரி இடம் கிடைச்சிடல, இன்னும் நிறைய பேர் காண்ட்ராக்டர் பிடிச்ச வாடகை வீட்லதான் இருக்காங்க.

அதனால சேர்க்கறதுக்கு முன்னாடி நீங்களே ஒரு நாள் பொண்ணு கூட பஸ் ஏறி போய் ஹாஸ்டலை பாத்துட்டு வாங்கம்மா. ரூம்ல எத்தனை பேர், ஆளுக்கு ஒரு கட்டிலா, இல்ல நைட் ஷிஃப்ட் போனவ கட்டில்ல டே ஷிஃப்ட் பொண்ணு படுக்கறாளா, எத்தனை பேருக்கு ஒரு பாத்ரூம், குடிக்கற தண்ணி எங்க இருந்து வருது, போன் வச்சுக்க விடறாங்களா, வார்டன் யாருனு கேளுங்க. அங்க இருக்கற ரெண்டு பொண்ணுங்ககிட்ட தனியா பேசுங்க, அதுங்க முகத்துலயே பாதி தெரிஞ்சுடும். பாக்க விட மாட்டோம்னு சொன்னா அந்த இடமே வேணாம், வேற கம்பெனி பாருங்க.

நைட் ஷிஃப்ட் பத்தி, பெண்கள் ராத்திரி வேலை பாக்கக் கூடாதுன்னு பழைய தொழிற்சாலை சட்டத்துல இருந்த 66-வது பிரிவை சென்னை உயர் நீதிமன்றம் 2000-லயே செல்லாதுன்னு சொல்லிடுச்சு, கூடவே பாதுகாப்பு, வண்டி வசதி எல்லாம் கம்பெனி செஞ்சு தரணும்னும் வச்சுது. புது சட்டத்துலயும் பொண்ணோட சம்மதம் இருந்தாதான் ராத்திரி வேலை. பஸ் ஹாஸ்டல் வாசல்லயே விடுதா, மெயின் ரோட்ல இறக்கிவிட்டுட்டு போயிடுதா, இது ஒண்ணை மட்டும் உறுதி பண்ணிக்கங்க.

அப்புறம் ஒண்ணு. அவ சம்பளத்தை அவ பேங்க் அக்கவுண்ட்ல போட விடுங்க, ஏடிஎம் கார்டு அவகிட்டயே இருக்கட்டும். அந்த காசுல அவ மேல படிக்கணும்னா படிக்கட்டும். இதை நான் வாங்கின கடிதத்துக்காக சொல்லல, லைன்ல என் கூட நின்ன எத்தனையோ தங்கச்சிங்களுக்காக சொல்றேன்.

கேள்வி: அண்ணா, எலக்ட்ரானிக்ஸ் கம்பெனில நின்னுட்டே வேலை. கால் வீங்கிடுது. பாத்ரூம் போகணும்னா லீடர் கிட்ட கேட்டு ரிலீவர் வர்ற வரைக்கும் நிக்கணும், அதனால தண்ணியே குடிக்கறதில்ல. இப்ப யூரின் போகும்போது எரிச்சல். வெக்கமா இருக்கு, ஆனா யார்கிட்ட சொல்றதுனு தெரியல. (பெயர் வேண்டாம்)

பதில்: தங்கச்சி, இதுல வெக்கப்பட வேண்டியது நீங்க இல்ல, ரிலீவர் போடாம லைன் ஓட்டறவங்கதான். நாளைக்கே ஈஎஸ்ஐ டிஸ்பென்சரிக்கு போய் டாக்டர்கிட்ட உள்ளதை சொல்லுங்க, யூரின் டெஸ்ட் எடுப்பாங்க, மாத்திரையில சரியாகற விஷயம், விட்டா கிட்னி வரைக்கும் போகும். டாக்டர் லீவு எழுதிக் குடுத்தா எடுங்க, ஈஎஸ்ஐல போதுமான நாள் காசு பிடிச்சிருந்தா அந்த நாளுக்கு 70 சதவீத சம்பளம் அவங்களே தருவாங்க, வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் உண்டு. முக்கால்வாசி பேருக்கு இது தெரியாமலே சம்பளம் போயிடும்னு ஜுரத்தோட வந்து நிக்கறாங்க.

தண்ணி குடிக்காம இருக்காதீங்க. லீடர்கிட்ட தனியா கேக்க கஷ்டமா இருந்தா அதே லைன்ல இருக்கற நாலு பொண்ணுங்க சேர்ந்து போய், ஷிஃப்ட்ல ஒவ்வொரு ரெண்டு மணிநேரத்துக்கும் ஒரு ரிலீவர் சுத்தி வரட்டும்னு கேளுங்க. கெஞ்ச வேணாம், இப்படி ஒரு ஏற்பாடு வேணும்னு சொல்லுங்க. லைன் லீடரா இருந்த ஆளா சொல்றேன், இது செய்ய முடியாத விஷயமே இல்ல, இருபது ஸ்டேஷனுக்கு ஒரு ஆள் கூடுதலா போட்டா போதும், போட மனசு வராததுதான் பிரச்சனை. காலுக்கு, நிக்கற இடத்துல ரப்பர் மேட் கேளுங்க, ஷூ அரை சைஸ் பெருசா வாங்குங்க, ரூமுக்கு போனதும் கால் மணிநேரம் காலை சுவத்துல தூக்கி வச்சு படுங்க. நின்னு செய்யற வேலைலயும் இடையில உக்கார சீட் இருக்கணும்னு 1948 தொழிற்சாலைகள் சட்டத்துலயே 44-வது பிரிவுல எழுதி வச்சிருந்தாங்க, புது சட்டத் தொகுப்புலயும் இருக்கு. அதை கேக்கறது உங்க உரிமை. நரம்பு சுருட்டிட்டு நீலமா தெரிய ஆரம்பிச்சா டாக்டர்கிட்ட அதையும் காட்டிடுங்க.

கேள்வி: ஓடி (ஓவர்டைம்) நிறைய போடறேன் சார், மாசம் நல்லா வருது. தொடரலாமா? (ஓசூர் வாசகர்)

பதில்: ஓடிக்கு ரெண்டு மடங்கு சம்பளம் போட்டு வருதானு பேஸ்லிப்ல முதல்ல பாருங்க, சிங்கிள் ரேட்ல குடுத்துட்டு ஓடினு பேர் மட்டும் வைக்கிற இடம் நிறைய இருக்கு. அவசரத்துக்கு போடுங்க, தங்கச்சி கல்யாணத்துக்கு போடுங்க. ஆனா ஓடி வருமானத்தை நம்பி பைக் இஎம்ஐ, வீட்டு இஎம்ஐ எடுக்காதீங்க, ஆர்டர் குறைஞ்சா முதல்ல வெட்டறது ஓடியைத்தான்.

கேள்வி: நாலு வருஷமா ஒரே கம்பெனில காண்ட்ராக்ட்ல இருக்கேன் அண்ணா. 11 மாசம் ஆனதும் ஒரு வாரம் பிரேக் குடுத்துட்டு புது ஐடி கார்டு, சில சமயம் புது காண்ட்ராக்டர் பேர்லயே குடுப்பாங்க. எனக்கு பெர்மனென்ட் கிடைக்குமா? (சுங்குவார்சத்திரம் வாசகர்)

பதில்: தமிழ்நாட்டுல இதுக்குனே 1981-ல ஒரு சட்டம் இருக்கு, தொழில் நிறுவனங்கள்ல நிரந்தரத் தகுதி குடுக்கற சட்டம். 24 மாசத்துக்குள்ள 480 நாள் தொடர்ச்சியா வேலை பாத்தவரை நிரந்தரம் ஆக்கணும்னு சொல்லுது. 11 மாசத்துல பிரேக் குடுக்கறது எதுக்குன்னு இப்ப உங்களுக்கே புரிஞ்சிருக்கும். ஆனா காண்ட்ராக்டர் மூலமா இருக்கறப்ப, உங்க முதலாளி கம்பெனியா காண்ட்ராக்டரானு கேள்வி வரும், சண்டை அங்கதான் சிக்கும், காண்ட்ராக்ட் வெறும் பேருக்குத்தான், என்கிட்ட வேலை வாங்கறது கம்பெனிதான்னு நீங்க நிரூபிக்கணும். நாளைக்கே கிடைச்சிடும்னு சொல்லி உங்களை ஏமாத்த எனக்கு இஷ்டம் இல்ல, இந்த மாதிரி கேஸ் வருஷக்கணக்கா போகும்.

ஆனாலும் இப்ப இருந்தே பேப்பர் சேருங்க. பழைய ஐடி கார்டு எல்லாத்தையும் திருப்பி வாங்கிக்குவாங்க, அதுக்கு முன்னாடி போட்டோ எடுத்து வச்சுடுங்க. பேஸ்லிப், பேங்க் ஸ்டேட்மென்ட், பிஎஃப் பாஸ்புக், கம்பெனி ட்ரெய்னிங் சர்டிபிகேட், ஷிஃப்ட் மாத்தினதா சூப்பர்வைசர் அனுப்பின வாட்ஸ்அப் மெசேஜ், எல்லாம் வேணும். அந்த சூப்பர்வைசர் கம்பெனி ஆளுன்னா உங்களை வேலை வாங்கினது யாருனு அந்த மெசேஜே சொல்லும். தனியா போகாம உங்களை மாதிரி இருக்கறவங்களை சேர்த்துக்கிட்டு தொழிற்சங்கத்துல அனுபவம் உள்ளவங்களையும், தொழிலாளர் வக்கீல் ஒருத்தரையும் பாருங்க.

சங்கம்னா பயமா இருக்குனு இன்னொரு வாசகர் எழுதியிருக்கார், அவருக்கும் இங்கயே சொல்லிடறேன். சங்கம் வைக்கிறது 1926-ல இருந்தே சட்டத்துல இருக்கற உரிமை. உங்க ஊர் சுங்குவார்சத்திரத்துலயே சாம்சங் ஆளுங்க 2024 செப்டம்பர் 9-ல ஆரம்பிச்சு ஒரு மாசத்துக்கு மேல வெளிய உக்காந்தாங்க, சங்கத்தை பதிவு பண்ணணுங்கறதுதான் முக்கிய கோரிக்கை, 2025 ஜனவரில பதிவும் ஆச்சு. சம்பளம் இல்லாம அத்தனை நாள் இருந்த குடும்பங்க பட்ட பாட்டை குறைச்சு சொல்ல மாட்டேன், ஆனா பெர்மனென்ட் ஆளுங்க மட்டும் சங்கம் வச்சுட்டு காண்ட்ராக்ட் ஆளை கண்டுக்காம விட்டா அது பாதி சங்கம்தான்ங்கறது என் கருத்து.

கேள்வி: இரும்புத் தகடு அடிக்கற சின்ன பிரஸ் ஷாப்ல வேலை. டார்கெட் ஏறணும்னு சூப்பர்வைசரே ஒரு பட்டனை டேப் போட்டு ஒட்டி வச்சிருக்கார், ஒரு கையாலயே ஓட்டலாம். நல்லா ஸ்பீடா போகுது, இது தப்பா? (அம்பத்தூர் வாசகர்)

பதில்: தம்பி, அந்த டேப்பை கிழிக்கற வரைக்கும் அந்த மெஷின்ல கை வைக்காதீங்க. பிரஸ்ல ரெண்டு பட்டன் வச்சிருக்கறதே ரெண்டு கையும் வெளிய இருந்தாதான் ரேம் (மேல இருந்து இறங்கி அடிக்கற பாகம்) இறங்கணும்னுதான். ஒரு பட்டனை ஒட்டிட்டா இன்னொரு கை சும்மா இருக்கும், சும்மா இருக்கற கை பீஸ் கோணலா இருந்தா தானா உள்ள போகும், அந்த நேரம் பாத்து அடுத்த கை பட்டனை அழுத்தியிருக்கும். விரல் போனவங்க எல்லாம் கவனக்குறைவு ஆளுங்க இல்ல, வேகமா செய்யத் தெரிஞ்ச கெட்டிக்காரங்க. சென்சாரை பைபாஸ் பண்றது, மெஷின்ல கை போகாம தடுக்கற கார்டை கழட்டி வைக்கிறது, டிரில் மெஷின்ல க்ளவுஸ் போட்டு நிக்கறது எல்லாம் இதே கதைதான், க்ளவுஸ் நூல் சுத்திக்கிட்டா கையோட இழுக்கும்.

சூப்பர்வைசர் ஓட்டித்தான் ஆகணும்னா, எழுதிக் குடுங்க சார்னு கேளுங்க, எவனும் எழுதித் தர மாட்டான். அந்த பட்டனை டேப்போட ஒரு போட்டோ எடுத்து வச்சுட்டு தொழிலக பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு புகார் அனுப்புங்க, முன்னாடி ஃபேக்டரி இன்ஸ்பெக்டர்னு சொல்லுவோமே, அந்த ஆபீஸ்தான். யாருக்காவது அடிபட்டா தனியார் ஆஸ்பத்திரில கட்டு போட்டு "வீட்ல விழுந்துட்டேன்னு சொல்லு"னு சொல்லுவாங்க, சொல்லிடாதீங்க. வேலையில பட்ட அடினு ஈஎஸ்ஐல பதிவானாதான் சம்பளத்துல 90 சதவீதம் வரும், ஊனம் ஆச்சுன்னா மாசாமாசம் பணம் வரும். வேலை போனா வேற பிரஸ் ஷாப் கிடைக்கும், அம்பத்தூர்ல அதுக்கா பஞ்சம்.

கேள்வி: 38 வயசு. 14 வருஷம் வேலை பாத்த கம்பெனியை மூடப்போறதா பேச்சு. எனக்கு லைன் தவிர ஒண்ணும் தெரியாது. (மறைமலைநகர் பக்கத்து வாசகர்)

பதில்: நோக்கியா 2006-ல ஸ்ரீபெரும்புதூர் வந்து 2014 நவம்பர்ல மூடினப்ப வெளிய வந்ததுல நிறைய பேர் இருபது வயசு பொண்ணுங்க, பசங்க. ஃபோர்டு 2021 செப்டம்பர்ல இந்தியாவுல தயாரிப்பை நிறுத்தறோம்னு சொன்னப்ப உங்க வயசு ஆளுங்கதான் அதிகம் தவிச்சாங்க. அதனால உங்க பயம் எனக்கு நல்லாவே புரியுது சார்.

பேச்சு பேச்சா இருக்கும்போதே சில வேலைய முடிச்சுடுங்க. கிராஜுட்டி கணக்கு தெரிஞ்சு வச்சுக்கங்க, கடைசியா வாங்கற பேசிக் டிஏவை 26-ஆல வகுத்து 15-ஆல பெருக்கி வருஷத்தால பெருக்கணும். 20,000 பேசிக்னா 14 வருஷத்துக்கு 1,61,538 ரூபா, இது சட்டப்படி வர வேண்டியது, நஷ்டஈடுனு தர்றது இதுக்கு மேல தனி, ரெண்டையும் ஒண்ணா குழப்பி பேசினா கையெழுத்து போடாதீங்க. பிஎஃப்பை உடைக்காதீங்க, அடுத்த கம்பெனிக்கு அதே யுஏஎன் நம்பர்ல (கம்பெனி மாறினாலும் மாறாத உங்க பிஎஃப் நம்பர்) மாத்துங்க. 10 வருஷத்துக்கு மேல சர்வீஸ் இருக்கறதால உங்களுக்கு 58 வயசுல பென்ஷன் உண்டு. சின்ன பசங்களும் இதை கேட்டுக்கங்க, கம்பெனி மாறும்போதெல்லாம் பிஎஃப், பென்ஷன் ரெண்டையும் எடுத்து செலவு பண்றவங்களுக்கு அந்த 10 வருஷ கணக்கு திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்கும்.

லைன் தவிர தெரியாதுன்னு எழுதியிருக்கீங்க. 14 வருஷம்னா குறைஞ்சது ரெண்டு மூணு மாடல் சேஞ்ச் பாத்திருப்பீங்க, புது ஆளுங்களை பழக்கியிருப்பீங்க, ரிஜெக்‌ஷன் எங்க வருதுன்னு சத்தத்துலயே கண்டுபிடிப்பீங்க. புதுசா லைன் போடற கம்பெனிக்கு தேவை அந்த ஆளுதான், ஓசூர் பக்கமும் வல்லம் பக்கமும் புது லைன் வந்துட்டேதான் இருக்கு. ரெஸ்யூம்ல "ஆபரேட்டர், 14 வருஷம்"னு ஒரு வரி எழுதாம, எந்த ஸ்டேஷன், எந்த மெஷின், எத்தனை பேரை பழக்கினீங்க, என்ன கைசன் (வேலையை மேம்படுத்தற யோசனை) குடுத்தீங்கனு பிரிச்சு எழுதுங்க. எழுதி எனக்கு அனுப்புங்க, நான் திருத்தித் தர்றேன்.

கேள்வி: ரோபோ வந்தா நம்ம வேலை எல்லாம் போயிடுமா? (ஒரு கல்லூரி மாணவர்)

பதில்: கார் கம்பெனி பாடி ஷாப்ல (வண்டிக் கூட்டை ஒட்டற இடம்) வெல்டிங் ஏற்கனவே ரோபோதான், பெயின்ட்டும் பெரும்பாலும் அப்படித்தான். ஆனா உள்பக்க சாமான் பூட்டற டிரிம் லைனுக்கு வந்து பாருங்க, வயரிங், கார்பெட், ரூஃப் லைனிங், டோர் ரப்பர் மாதிரி வளையற சாமான் எல்லாம் இன்னும் கைதான், வளையற பொருளை பிடிக்கறது ரோபோவுக்கு கஷ்டம். ரோபோவுக்கு ப்ரோக்ராம் மாத்தவும், நின்னா ஏன் நின்னுச்சுனு பாக்கவும் ஆள் வேணும், அந்த ஆளா போங்க. நம்ம அரசு ஐடிஐ பலதுல இப்ப ரோபோ, சிஎன்சி எல்லாம் வச்சு புது பிரிவு வந்திருக்கு, பக்கத்து ஐடிஐல விசாரிங்க.

கேள்வி: கம்பெனில வேலைன்னா பொண்ணு குடுக்க மாட்டேங்கறாங்க அண்ணா. (செய்யாறு வாசகர்)

பதில்: அவங்க கேக்கறது "பெர்மனென்ட்டா?"ங்கற ஒரே கேள்விதான் தம்பி, பொண்ணைப் பெத்தவங்க அப்படி கேக்கறதுல தப்பு சொல்ல முடியாது. இல்லன்னா இல்லனு சொல்லுங்க, பேஸ்லிப்பை அப்படியே காட்டுங்க, ஓடியை சேர்த்து சம்பளம் சொல்லாதீங்க. ஷிஃப்ட் வேலைங்கறதை பொண்ணுகிட்ட நேர்ல சொல்லிடுங்க, சி ஷிஃப்ட் (ராத்திரி ஷிஃப்ட்) முடிச்சு வந்து பகல்ல தூங்கற ஆளோட குடும்பம் நடத்தறது அவங்கதான்.

கேள்வி: அண்ணா, திங்கக்கிழமை ஜாயின் பண்றேன். முதல் நாள் என்ன எடுத்துட்டு போகணும்? (அரக்கோணம் வாசகர்)

பதில்: ஆதார், பான், பேங்க் பாஸ்புக், மார்க் ஷீட், எல்லாத்துக்கும் ஜெராக்ஸ் ரெண்டு செட், போட்டோ ஆறு. ஏற்கனவே வேலை பாத்திருந்தா யுஏஎன் நம்பரை கேட்டு குடுங்க, புது நம்பர் போட விடாதீங்க. ஒரிஜினல் சர்டிபிகேட்டை காட்டிட்டு கையோட திரும்ப வாங்கிட்டு வந்துடுங்க, "நாங்களே வச்சுக்கறோம், வேலையை விடும்போது தர்றோம்"னு சொன்னா குடுக்க வேணாம். வெள்ளைப் பேப்பர்ல கையெழுத்து போடாதீங்க. காலைல சாப்டுட்டு போங்க, முதல் நாள் கேன்டீன் கூப்பன் லேட்டாத்தான் வரும்.

வாழ்த்துக்கள் தம்பி, முதல் மாச பேஸ்லிப் வந்ததும் பேரை மறைச்சுட்டு அனுப்புங்க, அடுத்த இதழ்ல வரிக்கு வரி பிரிச்சு பாத்துடலாம்.